வரி இல்லாத மாநிலத்துக்கு வந்தும் கைச்சம்பளம் குறைந்தது ஏன்?

கேள்வி:

வணக்கம் மேடம். எச்-1பி விசாவில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். ஆறு வருடம் நியூஜெர்சியில் எடிசனில் இருந்தோம். இந்த 2025 ஜூலையில் வேறு கம்பெனிக்கு மாறி, குடும்பத்தோடு டெக்சாஸில் ஃபிரிஸ்கோவுக்கு வந்துவிட்டோம். அங்கேயும் ஆண்டுச் சம்பளம் 1,20,000 டாலர், இங்கேயும் அதேதான். "டெக்சாஸில் மாநில வருமான வரியே கிடையாது, அதுவே பத்து சதவீதம் சம்பள உயர்வு மாதிரி" என்று நண்பர்கள் சொன்னார்கள். அதை நம்பிப் பேரம் பேசாமல் கையெழுத்துப் போட்டேன்.

எடிசனில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை 3,409 டாலர் கைக்கு வந்துகொண்டிருந்தது. இங்கே ஆகஸ்ட் 1, ஆகஸ்ட் 15 இரண்டு சம்பளமும் 3,112.87 டாலர்தான். வரி இல்லாத ஊரில் கிட்டத்தட்ட 300 டாலர் குறைகிறது! பொள்ளாச்சியிலிருந்து அப்பா, "அதிகம் மிஞ்சும் என்றுதானே போனாய்?" என்று கேட்கிறார். பதில் சொல்லத் தெரியவில்லை.

மனைவி எச்-4, அதாவது எச்-1பி ஊழியரின் குடும்பத்தினருக்கான விசா. வேலை அனுமதிக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறார். மகள் பொள்ளாச்சியில் பிறந்தவள், எட்டு வயது. மகன் எடிசனில் பிறந்தவன், இரண்டு வயது. தவறாக ஏதாவது பிடிக்கிறார்களா? நான் விசாவில் இருப்பவன், ஓய்வூதியத்துக்கான சோஷியல் செக்யூரிட்டியும் முதியோர் மருத்துவத்துக்கான மெடிகேரும் எதற்கு? ஆர்லிங்டனில் இருக்கும் சித்தப்பா மகனுக்கு அந்த இரண்டும் பிடிப்பதே இல்லை. 401கே என்ற ஓய்வுகாலச் சேமிப்பை நிறுத்திவிடலாமா? வேலையில் சேர்ந்ததற்கு 5,000 டாலர் போனஸ் என்றார்கள், கைக்கு 3,517.50 மட்டும் வந்தது. அதுவும் சரிதானா? இரண்டு ஊர் சம்பளச் சீட்டுகளையும் இணைத்திருக்கிறேன்.

- ஃபிரிஸ்கோ வாசகர்

பதில்:

உங்கள் பணத்தை யாரும் தவறான இடத்துக்கு அனுப்பவில்லை. ஆனால் ஒரு படிவம் நிரப்பப்படாமல் கிடக்கிறது. அதனால் ஒவ்வொரு சம்பளத்திலும் தேவைக்கு மேல் 330 டாலர் ஃபெடரல் வரியாக, அதாவது மத்திய அரசு வரியாகப் போகிறது. அதைச் சரிசெய்யப் பத்து நிமிடம் போதும். அதைச் செய்த பிறகும் டெக்சாஸ் உங்களைப் பணக்காரராக்கப் போவதில்லை, அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பென்சிலால் டிக் அடித்துக்கொண்டே வந்தேன். ஃபிரிஸ்கோ சீட்டில் இருப்பது இது:

மொத்தச் சம்பளம்: 4,615.38
மருத்துவம், பல், கண் இன்சூரன்ஸ்: 342.00
401கே, 6 சதவீதம்: 276.92
சோஷியல் செக்யூரிட்டி: 264.95
மெடிகேர்: 61.96
ஃபெடரல் வருமான வரி: 556.68
கைக்கு: 3,112.87

டெக்சாஸ் என்ற பெயரே எங்கும் இல்லை. அப்படித்தான் இருக்க வேண்டும். தனிநபர் வருமான வரி விதிக்கக் கூடாது என்று 2019 நவம்பரில் வாக்காளர்களே மாநில அரசியல் சட்டத்தில் எழுதிவைத்துவிட்ட மாநிலம் இது. வேலையின்மைக் காப்பீட்டுக்கான பணத்தையும் இங்கே முதலாளிதான் கட்டுகிறார், தொழிலாளியிடம் பிடிப்பதில்லை.

இனி எடிசன் சீட்டு. நியூஜெர்சி மாநில வரி சுமார் 138 டாலர். உடல்நலக் குறைவுக் காப்பீடு, குடும்ப விடுப்புக் காப்பீடு என்று இரண்டு பொடிப் பிடித்தங்கள், இரண்டும் சேர்த்து 26 டாலர். ஆக நியூஜெர்சி உங்களிடம் எடுத்தது 164 டாலர். ஊர் மாறியதும் அந்த 164 மிச்சமானது உண்மை. ஆனால் அதே நாளில் வேறு இரண்டு மாறின. இன்சூரன்ஸ் 180-இலிருந்து 342-க்கு ஏறியது, அதாவது 162 அதிகம். ஃபெடரல் வரி 246-இலிருந்து 556-க்குத் தாவியது, அதாவது 310 அதிகம். இன்சூரன்ஸ் ஏறியதால் சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் 12 டாலர் இறங்கின, ஏனென்று பிறகு சொல்கிறேன். கூட்டிக் கழித்தால் 296 டாலர் குறைவு. உங்கள் கேள்விக்கான கணக்கு அவ்வளவுதான். மாநிலம் விட்டுக்கொடுத்ததை இன்சூரன்ஸ் அப்படியே விழுங்கிவிட்டது, நிரப்பாத படிவம் அதற்கு மேலும் கடித்துவிட்டது.

அந்தப் படிவத்தின் பெயர் டபிள்யூ-4. சம்பளத்தில் எவ்வளவு ஃபெடரல் வரி பிடிக்க வேண்டும் என்று கம்பெனிக்குச் சொல்வது அதுதான். ஃபிரிஸ்கோ சீட்டின் மேல் வலது மூலையில், கம்பெனி முகவரிக்குக் கீழே, பொடி எழுத்தில் 'ஃபெடரல்: சிங்கிள்' என்று இருப்பதைக் கவனித்தீர்களா? மனைவியும் இரண்டு குழந்தைகளும் இருக்கிற உங்களைச் சம்பளப் பிரிவின் கணினி திருமணமாகாதவராக நினைத்துக்கொண்டிருக்கிறது. புதிதாகச் சேர்ந்தவர் டபிள்யூ-4 தராவிட்டால், அவரை 'சிங்கிள்' என்று வைத்து, வேறு எந்தச் சலுகையும் சேர்க்காமல் வரி பிடிக்க வேண்டும் என்பது விதி. கம்பெனி விதிப்படிதான் நடந்திருக்கிறது. வேலையில் சேரும் வாரத்தில் முப்பது திரைகள் வரும். வங்கிக் கணக்கு, பாஸ்போர்ட் நகல், மடிக்கணினிக்குக் கையொப்பம் என்று ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே போகும்போது 'பிறகு செய்கிறேன்' என்ற பொத்தானை அழுத்தாதவர்கள் யார்? நான் பார்க்கும் கைச்சம்பளக் குழப்பங்களில் பாதிக்கு மேல் அந்தப் பொத்தானில்தான் தொடங்குகின்றன.

கணக்கைப் பாருங்கள். 4,615.38-இல் இன்சூரன்ஸும் 401கேயும் போனால் 3,996.46. ஆண்டுக்கு 26 சம்பளம், எனவே 1,03,908 டாலர். 2025 அட்டவணைப்படி, சிங்கிள் என்றால் அதிலிருந்து 15,000 மட்டும் கழித்து, மேல் பகுதிக்கு 22 சதவீதம் வரை வரி போடுகிறது கணினி. தம்பதியாகத் தாக்கல் செய்பவர் என்றால் 30,000 கழியும், மீதி முழுவதும் 10, 12 சதவீதப் படிகளிலேயே அடங்கிவிடும். சிங்கிளுக்கு ஒரு சம்பளத்தில் 556.68, தம்பதிக்கு 322.77. குழந்தைகளுக்கான சலுகையைச் சேர்த்தால் இன்னும் 96.15 குறைந்து 226.62 ஆகும். கைக்கு 3,112.87 வந்த இடத்தில் 3,442.93 வரும்.

குழந்தைகள் விஷயத்தில் அக்கம்பக்கத்தாரிடம் யோசனை கேட்காதீர்கள். 2025-ஆம் ஆண்டு டபிள்யூ-4-இன் மூன்றாம் படியில் 17 வயதுக்குக் குறைந்த ஒவ்வொரு குழந்தைக்கும் 2,000 என்று போடச் சொல்கிறது. எச்-4 குழந்தைகள் உள்ள வீடுகளில் கண்ணை மூடிக்கொண்டு 4,000 என்று எழுதிவிடுகிறார்கள். அந்தத் தொகை சோஷியல் செக்யூரிட்டி எண் உள்ள குழந்தைக்கு மட்டும்தான். எடிசனில் பிறந்த உங்கள் மகனுக்கு அந்த எண் இருக்கிறது. மகளுக்கு இருப்பது ஐ.டி.ஐ.என். என்ற வரி எண், எனவே அவளுக்கு 500 டாலர்தான். ஒரே வீட்டில், ஒரே தட்டில் சாப்பிடும் அக்காள் தம்பிக்கு அரசாங்கம் இரண்டு விலை வைத்திருக்கிறது. எனக்கு இது பிடிக்காத சட்டம், ஆனால் சட்டம். ஆக மூன்றாம் படியில் 2,500 என்று எழுதுங்கள். எடிசன் சீட்டில் பிடித்தம் சரியாக இருந்ததைப் பார்த்தால், அங்கே யாரோ விவரம் தெரிந்தவர் அப்படித்தான் நிரப்பித் தந்திருக்கிறார்.

படிவத்தை இன்றே கம்பெனித் தளத்தில் நிரப்பிவிடுங்கள். 1(சி)-யில் 'திருமணமானவர், கூட்டாகத் தாக்கல்' என்ற கட்டம். 2020-இல் படிவத்தையே மாற்றிவிட்டார்கள், 'எத்தனை அலவன்ஸ்' என்ற பழைய கேள்வி இப்போது கிடையாது. யாராவது "இரண்டு போடு, மூன்று போடு" என்றால் அவர் பழைய காலத்தில் இருக்கிறார். படிவம் கொடுத்த முப்பதாவது நாளிலோ அதற்குப் பிறகோ முடிகிற முதல் சம்பளக் காலத்தின் தொடக்கத்துக்குள் கம்பெனி அதை நடைமுறைப்படுத்தியாக வேண்டும். இணையத்தில் நிரப்பினால் பெரும்பாலும் அடுத்த சம்பளத்திலேயே தெரியும்.

இதுவரை அதிகமாகப் போனதைச் சம்பளப் பிரிவில் திருப்பிக் கேட்டுச் சண்டை போட வேண்டாம். அது உங்கள் பெயரில் ஐ.ஆர்.எஸ். என்ற மத்திய வரித்துறையிடம் இருக்கிறது, அடுத்த ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்யும்போது ரீஃபண்டாக வரும். அதோடு இன்னும் கொஞ்சம் சேர்ந்தே வரும். 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டம் தம்பதியருக்கான நிலைக்கழிவை, அதாவது மேலே சொன்ன 30,000-ஐ, 2025-க்கே 31,500 ஆக்கிவிட்டது, குழந்தைச் சலுகையை 2,200 ஆக்கிவிட்டது. சம்பளத்தில் வரி பிடிக்கும் அட்டவணைகள் மட்டும் 2025-இல் பழைய கணக்கிலேயே ஓடுகின்றன.

இப்போது அந்தப் பத்து சதவீதக் கதைக்கு வருவோம், எனக்கு எரிச்சல் தருவது அதுதான். நியூஜெர்சியின் உச்ச வரி விகிதம் 10.75 சதவீதம் என்பது உண்மை. ஆனால் அது ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் வருமானம் உள்ளவர்களுக்கு. உங்கள் நண்பர்களில் அப்படி யாராவது இருந்தால் என்னிடம் அனுப்பிவையுங்கள்! தம்பதியாகத் தாக்கல் செய்பவரின் முதல் 20,000 டாலருக்கு நியூஜெர்சி கேட்பது 1.4 சதவீதம்தான். அடுத்த படிகள் 1.75, 2.45, 3.5. எண்பதாயிரத்தைத் தாண்டிய பிறகுதான் 5.525. உங்கள் 401கேயையும், நால்வருக்கான விலக்கு 5,000 டாலரையும் கழித்துப் போட்டுப் பார்த்தேன். ஒரு முழு ஆண்டுக்கு 3,181 டாலர் வருகிறது. வாடகை கொடுப்பவருக்கு உள்ள கழிவையும் எடுத்துக்கொண்டால் இன்னும் குறையும். 1,20,000-இல் இது 3 சதவீதம்கூட இல்லை.

ஆக, சம்பளம் பேசும்போது டெக்சாஸ் என்ற பெயருக்காக நீங்கள் விட்டுக்கொடுத்திருக்க வேண்டியது அதிகபட்சம் அந்த 3 சதவீதம். இனி வரும் சம்பள உயர்வுகளுக்கு மட்டும் கணக்கு கொஞ்சம் உங்கள் பக்கம் சாயும். பத்தாயிரம் டாலர் கூடினால் நியூஜெர்சி அதில் 552 டாலர் எடுத்திருக்கும், இங்கே அது உங்களுடையது. ஆண்டுக்கு நான்கைந்து லட்சம் வாங்குகிற வீட்டில் மாநில வரி இல்லாதது பெரிய விஷயம். உங்கள் வீட்டில் இன்றைக்கு அது நடுத்தர விஷயம்.

சரி, உங்கள் சீட்டில் பெரிய பிடித்தம் எது? டபிள்யூ-4 திருத்திய பிறகு, ஒரு முழு ஆண்டு இதே சம்பளம் என்று வைத்துக்கொண்டு பார்த்தால் நம்ப மாட்டீர்கள். இன்சூரன்ஸ் 8,892 டாலர். சோஷியல் செக்யூரிட்டியும் மெடிகேரும் சேர்ந்து 8,500. எல்லாரும் பயப்படுகிற ஃபெடரல் வருமான வரி, ரிட்டர்ன் எல்லாம் முடிந்த பிறகு, சுமார் 5,512. கடைசி இடம் அதற்கு! தமிழில் கோட்டுக்கும் வரி, கப்பத்துக்கும் வரி. உங்கள் சீட்டில் வரி என்று பெயர் இல்லாத வரிதான் கனமாக இருக்கிறது.

இன்சூரன்ஸை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் மட்டும்தான் உங்கள் கை இருக்கிறது. வேலை ஒப்பந்தக் கடிதத்தில் சம்பளத்தைப் பார்க்கிறோம், குடும்ப பிரீமியம் எவ்வளவு என்று கேட்பதில்லை. பழைய கம்பெனி செலவில் பெரும் பங்கைத் தானே ஏற்றது, புதியது அப்படி இல்லை. இருவருக்கும் இடையே ஆண்டுக்கு 4,212 டாலர் வித்தியாசம், மாநில வரியில் மிச்சமானதைவிட அதிகம். அடுத்த முறை வேலை மாறும்போது மனிதவளப் பிரிவிடம் கேட்க வேண்டிய முதல் தாள் பிரீமியம் பட்டியல்.

சேர்ந்த முதல் சில வாரங்களில் திட்டத்தைத் தேர்ந்தெடுக்க ஒரு அவகாசம் இருந்திருக்கும், அது கடந்திருக்கலாம். அப்படியானால் ஆண்டின் கடைசி மாதங்களில் திறக்கும் பதிவுக் காலம் வரை காத்திருக்க வேண்டும். குழந்தை பிறப்பது, வாழ்க்கைத்துணை வேறு இன்சூரன்ஸை இழப்பது போன்ற காரணம் இருந்தால்தான் இடையில் மாற்றலாம். அந்தப் பதிவுக் காலத்தில், மருத்துவச் செலவுக்கென்று வரியில்லாமல் சேமிக்கும் எச்.எஸ்.ஏ. கணக்கோடு வரும் உயர் கழிவுத் தொகைத் திட்டம் உங்கள் கம்பெனியில் இருக்கிறதா என்று பாருங்கள். பிரீமியம் பொதுவாகக் குறைவாக இருக்கும், ஆனால் நோய் வந்தால் கழிவுத் தொகை வரை முதலில் உங்கள் பையிலிருந்து செலவு. இரண்டு வயதுப் பையனுக்குக் காதுவலி வந்தால் ஞாயிற்றுக்கிழமை இரவுதான் வரும். அதனால் கழிவுத் தொகை எவ்வளவு என்று பார்த்து, அந்தப் பணம் கையிருப்பில் இருந்தால் மட்டும் மாறுங்கள்.

எச்.எஸ்.ஏ.வில் குடும்பத்துக்கு 2025-இல் 8,550 டாலர் வரை போடலாம். சம்பளத்தின் வழியாகப் போடும் ஒவ்வொரு நூறு டாலருக்கும் உங்களுக்கு வருமான வரியில் 12 டாலர், சோஷியல் செக்யூரிட்டியிலும் மெடிகேரிலும் 7.65 டாலர் மிச்சம். நியூஜெர்சியும் கலிஃபோர்னியாவும் தங்கள் மாநில வரியில் இந்தச் சலுகையை ஏற்பதில்லை. உங்களுக்கு இனி அந்தக் கவலை இல்லை.

இதில்தான் அந்த 12 டாலர் மர்மமும் இருக்கிறது. வேலையிடத்தின் வழியாகக் கட்டும் மருத்துவ பிரீமியம் சம்பளத்திலிருந்து முதலிலேயே கழிந்துவிடும், பிறகுதான் சோஷியல் செக்யூரிட்டி கணக்கிடப்படும். 401கே அப்படி இல்லை. அது வருமான வரிக்கு மட்டும் கழியும். அதனால் உங்கள் சீட்டில் 6.2 சதவீதம் 4,273.38-க்குப் போடப்பட்டிருக்கிறது, வருமான வரி 3,996.46-க்குப் போடப்பட்டிருக்கிறது. ஜனவரியில் வரும் ஆண்டுச் சம்பளக் கணக்குப் படிவமான டபிள்யூ-2-வில் ஒன்றாம் பெட்டியும் மூன்றாம் பெட்டியும் வேறு வேறு தொகை காட்டும். "ஏதோ பிழை" என்று ஆண்டுதோறும் எனக்கு மின்னஞ்சல்கள் வரும். பிழை இல்லை.

சோஷியல் செக்யூரிட்டிக்கு விசாவைக் காரணம் காட்ட முடியாது. எச்-1பி ஊழியர் 6.2 சதவீதமும் மெடிகேர் 1.45 சதவீதமும் கட்டியே ஆக வேண்டும். அதே அளவு கம்பெனியும் உங்கள் பெயரில் கட்டுகிறது. சில சீட்டுகளில் முதலாளியின் பங்கைத் தனி வரிசையில் காட்டுவார்கள், அதையும் தன்னுடைய பிடித்தம் என்று கூட்டி அதிர்ச்சியடைந்தவர்கள் உண்டு. 6.2 சதவீதத்துக்கு உச்ச வரம்பு இருக்கிறது, 2025-இல் 1,76,100 டாலர். மெடிகேருக்கு வரம்பே கிடையாது, இரண்டு லட்சத்தைத் தாண்டினால் கூடுதலாக 0.9 சதவீதம் வேறு.

உங்கள் சித்தப்பா மகன் அனேகமாக மாணவர் விசாவில், படிப்பை ஒட்டிய ஓ.பி.டி. என்ற வேலை அனுமதியில் வேலை செய்கிறார். எஃப்-1 விசாவில் வந்தவர் முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் வரிக் கணக்கில் வெளிநாட்டவர், அதனால் அவருக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆறாவது ஆண்டோ, எச்-1பியோ, எது முதலில் வருகிறதோ அன்று தொடங்கிவிடும். அதுவரை அவர் அனுபவிக்கட்டும்.

சில நாட்டுக்காரர்களுக்கு இரட்டைப் பங்களிப்பைத் தவிர்க்கும் ஒப்பந்தம் இருக்கிறது, இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையே இல்லை. ஊர் திரும்பும்போது கட்டியதைத் திருப்பித் தரவும் மாட்டார்கள். ஓய்வூதிய உரிமைக்கு 40 கிரெடிட் வேண்டும், ஆண்டுக்கு அதிகபட்சம் நான்கு. ஆறு வருடத்தில் உங்களுக்கு 24 சேர்ந்திருக்கும், இந்த ஆண்டையும் சேர்த்தால் இன்னும் கூடும். பத்து வருடத்தை நெருங்கும்போது திரும்பலாமா என்று யோசிப்பவர்கள் இந்த எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு முடிவு செய்வது நல்லது.

401கேயை நிறுத்தாதீர்கள். நீங்கள் அனுப்பிய ஒப்பந்தக் கடிதத்தில் சம்பளத்தில் 4 சதவீதம் வரை கம்பெனியும் டாலருக்கு டாலர் போடும் என்று இருக்கிறது. அதாவது ஒவ்வொரு சம்பளத்திலும் 184.62 டாலர் சும்மா வருகிறது. அதை விட்டுவிட்டு 276.92-ஐக் கையில் வாங்கினாலும் முழுதாகக் கிடைக்காது, 12 சதவீத வரி போக 243.69தான் வரும். கை மிகவும் இறுக்கமாக இருந்தால் 6-ஐ 4 ஆக்குங்கள், அதற்குக் கீழே போகாதீர்கள். இன்னொன்று: 12 சதவீதப் படியில் இருக்கும் இந்த ஆண்டுகளில் வழக்கமான கணக்கைவிட ராத் 401கே உங்களுக்குப் பொருந்தலாம். வரியை இன்று கட்டிவிட்டுப் பின்னால் வரியில்லாமல் எடுப்பது அது. மனைவி வேலைக்குப் போய் நீங்கள் மேல்படிக்கு ஏறிய பிறகு வழக்கமான கணக்குக்கு மாறிக்கொள்ளலாம். ஆனால் ராத்துக்கு மாறினால் கைச்சம்பளம் இன்னும் 33 டாலர் குறையும். பழைய கம்பெனியில் போட்டதையும் சேர்த்து 2025-இல் 23,500 டாலரைத் தாண்டக் கூடாது.

போனஸ் சரியாகத்தான் வந்திருக்கிறது. போனஸுக்குப் பெரும்பாலான கம்பெனிகள் 22 சதவீதம் ஒரே வீதமாகப் பிடித்துவிடும்: 1,100. சோஷியல் செக்யூரிட்டி 310, மெடிகேர் 72.50. மீதி 3,517.50. இது வெறும் முன்பிடித்தம், போனஸுக்கென்று தனி வரி கிடையாது. நீங்கள் 12 சதவீதப் படியில் இருப்பதால் கூடுதலாகப் பிடித்தது ரிட்டர்னில் திரும்பி வரும்.

வரி இல்லாத மாநிலம் என்றதும் எல்லா மாநிலமும் ஒரே மாதிரி என்று எண்ண வேண்டாம். சம்பளத்துக்கு வருமான வரி போடாத ஒன்பது மாநிலங்களில் வாஷிங்டனும் ஒன்று. அங்கே சியாட்டிலில் வேலை பார்ப்பவர் சீட்டில் குடும்ப மருத்துவ விடுப்புக்கு ஒரு பிடித்தம், நீண்டகாலப் பராமரிப்புக்கு 0.58 சதவீதம் இன்னொன்று. இந்த இரண்டாவதிலிருந்து, உங்களைப் போல் தற்காலிக விசாவில் இருப்பவர்களுக்கு விலக்கு உண்டு, பலருக்குத் தெரியாது. நியூஹாம்ப்ஷயரில் நாஷுவாவில் குடியிருந்துகொண்டு எல்லை தாண்டி மாசசூசெட்ஸில் வேலைக்குப் போகிறவர், வேலை பார்க்கும் இடத்துக்கு 5 சதவீதம் கட்டுகிறார். வீடு எங்கே என்பதோடு, உட்கார்ந்து வேலை பார்க்கும் நாற்காலி எங்கே என்பதும் கணக்கு. எடிசனில் இருக்கும் மைத்துனர் வீட்டில் ஒரு மாதம் தங்கி அங்கிருந்தே வேலை பார்க்கலாம் என்று நினைத்தால், முதலில் கம்பெனியிடம் கேட்டுவிடுங்கள்.

வீடு வாங்க நினைக்கும்போது இன்னொரு கடிதம் எழுதுங்கள். வருமான வரி வாங்காத மாநிலம் பள்ளிக்கூடத்தையும் சாலையையும் சொத்து வரியிலும் விற்பனை வரியிலும்தான் நடத்துகிறது. ஆனால் நியூஜெர்சியின் சொத்து வரியைப் பார்த்துவிட்டு வந்த உங்களுக்கு இது புதுப் பயமாக இருக்காது.

மனைவிக்கு வேலை அனுமதி வந்து அவரும் சேர்ந்துவிட்டால், அன்றே டபிள்யூ-4-ஐ மறுபடி திறக்க வேண்டும். இரண்டு கம்பெனிகளும் ஒன்றை ஒன்று அறியாமல் ஆளுக்கொரு முறை தம்பதிக்கான முழுக் கழிவையும் கழித்துக்கொண்டு குறைவாகப் பிடிக்கும். மாதாமாதம் கைநிறைய வரும், ஏப்ரலில் பல ஆயிரம் டாலர் கட்டச் சொல்லிக் காகிதம் வரும், சில சமயம் அபராதத்தோடு. இரண்டாம் படியில் இதற்கென்றே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது, இரண்டு பேர் படிவத்திலும் அதை டிக் செய்ய வேண்டும். குழந்தைகளுக்கான தொகை ஒருவர் படிவத்தில் மட்டும், சம்பளம் அதிகமுள்ளவர் படிவத்தில்.

ஜனவரியில் உங்களுக்கு இரண்டு டபிள்யூ-2 வரும். பழைய கம்பெனியுடையதில் நியூஜெர்சித் தொகைகள் இருக்கும், அங்கே வாழ்ந்த மாதங்களுக்கு மட்டும் பகுதி ஆண்டு ரிட்டர்ன் ஒன்று அந்த மாநிலத்துக்குப் போட வேண்டும். புதியதில் 16, 17-ஆம் பெட்டிகள் காலியாக இருக்க வேண்டும். அங்கே நியூஜெர்சி என்று ஏதாவது எட்டிப் பார்த்தால், ரிட்டர்ன் போடும் வரை காத்திருக்காமல் அன்றே சம்பளப் பிரிவுக்கு எழுதித் திருத்திய டபிள்யூ-2 கேளுங்கள்.